முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன், கிரெடிட் கார்டை ஏன் மூட முடியவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலோடு வருகிற மற்றவர்களுக்கும் புரியும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கிறீர்கள். சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் அருகே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினீர்கள். கையில் வரும்படி இல்லாத மாதங்களில் மினிமம் ட்யூ, அதாவது பில்லில் கட்டாயம் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டினீர்கள். காபிப் பணம் வந்ததும் மார்ச் 1ஆம் தேதி, ஸ்டேட்மென்ட்டில் இருந்த 24,000 ரூபாயையும் மொத்தமாகக் கட்டி, கார்டைக் கத்தரித்துப் போட்டுவிட்டீர்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஐநூற்றுச் சொச்சம் வந்தது. வங்கியின் தவறு என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். ஜூலையில் அது மூவாயிரம். சேலம் கிளையில் கேட்டால் கார்டு எங்கள் பிரிவு இல்லை என்கிறார்கள், கஸ்டமர் கேரில் ஓடிபி கேட்கிறார்கள், தோட்டத்தில் சிக்னல் இல்லாமல் அது வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நடுவில் வசூல்காரர் ஒருவர், பாதி கட்டினால் மூடித் தருகிறேன் என்கிறார். கார்டை எப்படி மூடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்களை உறுத்துவது, கடனே இல்லாத கார்டில் கடன் எப்படி வளர்கிறது என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் மூடப் போனால் மறுபடி இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

நான் ஒரு தனியார் வங்கியின் கார்டு பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கும் சிறு கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். கொலுசு வேலை செய்கிறவர்கள் கொண்டுவரும் கார்டு ஸ்டேட்மென்ட்களில் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே தொகை பற்றி நான் சொல்வது நீங்கள் தந்த தேதிகளை வைத்துப் போட்ட கணக்கு. விதிகள் பற்றிச் சொல்வது ரிசர்வ் வங்கியின் உத்தரவில் உள்ளது.

கிரெடிட் கார்டில் வட்டியில்லாக் காலம் என்று ஒன்று உண்டு. முந்தைய மாதப் பாக்கியை முழுமையாகக் கட்டியவருக்குத்தான் அது. ஒரு மாதம் மினிமம் ட்யூவோடு நிறுத்தினாலே அந்தச் சலுகை போய்விடும், அதன்பின் வட்டி நாள் கணக்கில் ஓடும். உங்கள் கார்டுக்கு மாதாமாதம் 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட் போடும்போது அன்றுவரைக்குமான வட்டியைச் சேர்த்துத்தான் 24,000 என்று அச்சடிக்கிறார்கள். நீங்கள் கட்டியது மார்ச் 1. பிப்ரவரி 12க்கும் மார்ச் 1க்கும் நடுவில் 17 நாள். அந்த 17 நாளும் 24,000 ரூபாய் உங்கள் பெயரில் கடனாகவே நின்றது, ஆனால் அதற்கான வட்டி எந்த ஸ்டேட்மென்ட்டிலும் இன்னும் ஏறவில்லை. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் இதை ஒட்டித்தான் இருக்கும். 24,000க்கு 17 நாள் வட்டி சுமார் 469 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 85 ரூபாய். மொத்தம் 554. நீங்கள் சொன்ன ஐநூற்றுச் சொச்சம் இதுதான் என்று நினைக்கிறேன். மார்ச் 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் செலவு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். கடை பெயர் எதுவும் இல்லாமல் வட்டி என்று ஒரு வரியும், அதன் கீழே ஜிஎஸ்டி என்று ஒரு வரியும் மட்டும் இருந்தால் சந்தேகமே இல்லை.

இந்த வட்டி சட்டப்படி தப்பா என்றால், இல்லை. கார்டு கொடுக்கும்போது தந்த நிபந்தனைத் தாளில் இது எழுதப்பட்டிருக்கும். ஆனால் முழுத் தொகையையும் கட்டியவரிடம், "இன்னும் கொஞ்சம் வட்டி அடுத்த மாதம் வரும்" என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லையே வராது. ஆப்பில் அன்றைக்குப் பாக்கி பூஜ்யம் என்று காட்டும், மனிதர்கள் அதை நம்பித்தான் கார்டை வெட்டிப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

554 எப்படி மூவாயிரம் ஆனது? ஏப்ரல் 1ஆம் தேதி கெடு தாண்டியதும் லேட் பீ, அதாவது தாமதக் கட்டணம் விழுந்திருக்கும். ஐநூறுக்கு மேல் பாக்கி இருந்தால் ஐநூறு ரூபாயை ஒட்டி லேட் பீ போடுகிற கார்டுகள் நிறைய உண்டு. ஜிஎஸ்டியோடு 590. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு முறை போட்டால் 2,360. அதோடு பழைய 554, அதற்கு மாதம் இருபது ரூபாயை ஒட்டி வட்டி. மூவாயிரம் வந்துவிடுகிறது. ஆக, இன்று நீங்கள் தரவேண்டியதாகக் காட்டுவதில் முக்கால் பங்குக்கு மேல் லேட் பீயும் அதன் வரியும்தான். இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். 554ஐப் பற்றி வாதாடிப் பயனில்லை. லேட் பீயைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கார்டை ஒரு ரூபாய்க்குக்கூடப் பயன்படுத்தாத நிலையில், வட்டிமேல் விழுந்த லேட் பீயை வங்கிகள் ரத்து செய்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டாயம் செய்வார்கள் என்று உறுதி தரமுடியாது, அது அவர்கள் விருப்பம். ஆனால் ஒரு விஷயம் விருப்பம் அல்ல: கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மே, ஜூன், ஜூலை ஸ்டேட்மென்ட்களில் வட்டி வரியை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இருபது ரூபாயை ஒட்டியே நின்றால் சரி. மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிருந்தால் லேட் பீக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள், அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி மூடும் விஷயம். கார்டை வெட்டுவதாலோ பாக்கியைக் கட்டுவதாலோ கணக்கு மூடாது. மூடச் சொல்லி நீங்கள் கேட்டதற்கு ஒரு தேதி வேண்டும், அன்றைக்குப் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் விதி உங்கள் பக்கம் நிற்கும். 2022 ஏப்ரல் 21 தேதியிட்டு, அதே வருடம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு கொண்டுவந்த விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். மூடியதும் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் போன்ற வழியில் உடனே தெரிவிக்க வேண்டும். தவறினால், மூடும்வரை தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். கோரிக்கையைத் தபாலில் அனுப்பினால்தான் ஏற்போம் என்று சொல்லக்கூடாது. உதவி எண், தனி மின்னஞ்சல், இணையதளத்தில் கண்ணில் படும்படியான ஒரு இணைப்பு, ஆப், நெட் பேங்கிங் என்று பல வழிகளை அவர்கள் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் ஏப்ரலில் போனில் மூடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து இந்த 500 ரூபாயைக் கேட்க முடியுமா என்றால், கஷ்டம் என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அந்த 554 பாக்கி நின்றது, வங்கி அதைத்தான் முதலில் காட்டும். ஆனாலும் அந்த அழைப்பு வீண் இல்லை. மூடச் சொன்னவரிடம், இவ்வளவு பாக்கி இருக்கிறது, கட்டினால் மூடுகிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் லேட் பீயை ரத்து செய்யச் சொல்ல அதுவே நல்ல காரணம். போனில் அந்த அழைப்பின் தேதியும் நேரமும் இன்னும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதும்போது அது உதவும்.

மூடும் முன்னால் அந்தக் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். போன் ரீசார்ஜ், இன்சூரன்ஸ் பிரீமியம், சினிமா ஆப் சந்தா எதுவாக இருந்தாலும். பொருள் வாங்கி இஎம்ஐ போட்டிருந்தால் மீதித் தவணையை மொத்தமாகக் கட்டி முடிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் வரியும் இருக்கும். திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் வரவேண்டியிருந்தால் அது வரும்வரை பொறுங்கள். வீட்டில் யாருக்காவது ஆட்-ஆன் கார்டு, அதாவது உங்கள் கார்டோடு சேர்ந்த கூடுதல் கார்டு கொடுத்திருந்தால் அதுவும் உங்கள் கணக்குதான். ரிவார்டு பாயிண்ட் இருந்தால் முன்பே பயன்படுத்திவிடுங்கள், பிறகு கிடைக்காது. பிக்சட் டெபாசிட் வைத்து வாங்கிய கார்டு என்றால், கார்டு மூடிய பிறகே அந்த டெபாசிட் பிடியிலிருந்து விடுபடும்.

அதன்பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "என் பாக்கி எவ்வளவு" என்று கேட்காதீர்கள், ஸ்டேட்மென்ட் தொகையைச் சொல்லிவிடுவார்கள். "இன்றைக்கே கணக்கை மூடினால், இன்னும் பில்லில் ஏறாத வட்டியும் வரியும் சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேளுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், தொகை சொன்ன அன்றே கட்டுவது நல்லது. நான் என்னிடம் வருகிறவர்களிடம் நூறு இருநூறு ரூபாய் கூடுதலாகவே கட்டச் சொல்வேன். கார்டை மூடிய பின் கணக்கில் மிஞ்சும் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரவேண்டும் என்று அதே உத்தரவில் இருக்கிறது. இரண்டு ரூபாய் குறைந்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஓடிபி சிக்கலுக்கு என் யோசனை, போனை நம்பாதீர்கள். கார்டோடு பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, வங்கியின் கார்டு பிரிவு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கார்டின் கடைசி நான்கு எண், பணம் கட்டிய தேதி, கட்டியதன் பரிவர்த்தனை எண், இந்தக் கணக்கை நிரந்தரமாக மூட வேண்டும் என்ற ஒரு வரி, மிஞ்சிய பணத்தை எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும், பாக்கியில்லாச் சான்று வேண்டும். இவ்வளவு போதும். முழுக் கார்டு எண்ணையும், பின்பக்க மூன்று இலக்கத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள். சேவைக் கோரிக்கை எண் ஒன்று பதிலாக வரும், அதுதான் உங்கள் ஆதாரம். கீழே சேலத்துக்கு வரும் நாளில் அதே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். அவர்களால் கணினியில் கார்டை மூட முடியாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடிதத்தை வாங்கி, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வைத்துத் தரலாம். கவுன்ட்டரில் மறுத்தால் மேலாளரிடம் கேளுங்கள். பக்கத்தில் வந்து நின்று பணிவாக, "சார், வாங்கினதுக்கு ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க, மத்தது நான் பாத்துக்கறேன்" என்றால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

கோரிக்கை பதிவானதும் ஒரு அழைப்பு வரும். வருடக் கட்டணம் வேண்டாம், வாழ்நாள் முழுக்க இலவசமாக மாற்றித் தருகிறோம், லிமிட்டைக் கூட்டுகிறோம் என்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று நாகரிகமாகச் சொன்னாலும், வாடிக்கையாளர் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார் என்று குறித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. வேண்டாம், மூடிவிடுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மூவாயிரத்தையும் கட்டிவிட்டுச் சண்டை போடுவதா, கட்டாமல் சண்டை போடுவதா? இதில் இரண்டு கருத்து உண்டு. பில்லை மறுத்து எழுதினால் 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தரவேண்டும் என்று விதி இருப்பதால், முதலில் மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்பார்கள். பெரிய தொகை என்றால் நானும் அதையே சொல்வேன். உங்கள் விஷயத்தில் நான் கட்டச் சொல்கிறேன். லேட் பீயை ஏற்கவில்லை, திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டுங்கள். காரணம், இத்தனை நாள் பாக்கி என்று உங்கள் பெயர் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நாளைக்குப் பயிர்க் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது, அந்தப் பதிவு இந்த மூவாயிரத்தைவிடப் பெரிய இழப்பாக வந்து நிற்கும்.

அந்த வசூல்காரர் சொன்ன பாதித் தொகைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. பாதி வாங்கி முடித்தால் உங்கள் பதிவில் "மூடப்பட்டது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். கடன் வாங்கியவர் முழுதாகக் கட்டவில்லை, வங்கி விட்டுக்கொடுத்தது என்று அதற்குப் பொருள். அதைப் பார்க்கும் எந்த மேலாளரும் யோசிப்பார். ஆயிரத்து ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல வருடம் தூக்கிச் சுமக்கும் பெயர் அது. எந்தப் பணமும் அவர் கையிலோ அவர் அனுப்பும் யுபிஐ எண்ணிலோ வேண்டாம், கார்டு கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. மீறினால் நேரத்தைக் குறித்து அதே புகாரில் சேருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. கார்டை மூடித் தருகிறோம் என்று சொல்லி, போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்லி, திரையைப் பார்த்து ஓடிபியை எடுத்துவிடுகிறார்கள். மூடுவதற்காக அலைந்து களைத்துப்போனவர்கள்தான் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள், அதனாலேயே சொல்கிறேன். ஸ்டேட்மென்ட்டில் அச்சடித்த எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கட்டி, எழுதி, 7 வேலை நாளும் போன பிறகும் மூடவில்லை என்றால், கோரிக்கையாக எழுதியதைப் புகாராக எழுதுங்கள். நாளுக்கு 500 ரூபாய் பற்றிய வரியையும் அதில் குறிப்பிடுங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். சென்னைக்குப் போய் அலைய வேண்டாம், ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் ஓட்டக்கூடாது. நான் முதலில் குறைதீர்ப்பாளரைத்தான் சொல்வேன். வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் அந்தச் சேவைக் கோரிக்கை எண்ணும் முத்திரை வைத்த பிரதியும் இவ்வளவு முக்கியம்.

கடைசியாக, மூடினால் சிபில் மதிப்பெண் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் உங்கள் ஒரே கார்டு என்றால் கொஞ்சம் குறையலாம், எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது. தவறிய தவணைகள் செய்யும் சேதத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது. மூடிய செய்தி வந்து ஒரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும். அந்தக் கார்டு மூடப்பட்டது என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களிடமே திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. பயிர்க் கடனுக்கு எழுதிப்போடும் எண்ணம் இருந்தால், இந்தத் திருத்தம் ஏறிய பிறகு போங்கள். மார்ச், ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டின் வட்டி வரியை மட்டும், கார்டு எண்ணை மறைத்து, இங்கே எழுதினால் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.